நீதிபதி கழுவித் தந்த பேணி

எங்கள் வீட்டுக் குசினியில், அலுமாரியின் மேல்தட்டில், இடியப்ப உரலுக்கும் யாரும் பாவிக்காத கேக் தட்டுக்கும் நடுவே ஒன்பது வருடங்களாக ஒரு பேணி இருந்தது. பிஸ்கட் அடைத்து வரும் வட்டமான நீலத் தகரப் பேணி. மூடியில் ஒரு காற்றாலையும் இரண்டு வாத்துகளும் வரைந்திருக்கும். வாத்துகளுக்கு மேலே மஞ்சள் கடதாசித் துண்டு ஒன்று. அதன் பசை எப்போதோ காய்ந்துவிட்டதால் நான் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதில் சரிந்த ஆங்கிலக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவும். எழுதியவர் மத்திய அரசின் நீதிமன்றத்தில் இருந்த ஒரு நீதிபதி. கொடுக்க வேண்டியவன் நான். நீதிமன்றத்திலேயே வேலை செய்த ஒருவன் ஒரு நீதிபதியின் கட்டளையை ஒன்பது வருடம் நிறைவேற்றாமல் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தான் என்றால் சிரிப்பு வரலாம். என் மனைவியும் முதல் இரண்டு வருடம் சிரித்தாள்.

நான் பார்த்தது பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு, நீதிபதி வரும் கதவைத் திறந்து, எல்லோரும் எழுந்து நிற்கும்படி குரல் கொடுப்பது. கோப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது. மேசையில் தண்ணீர் வைப்பது. சாட்சிக்காரருக்குச் சத்தியம் செய்யப் புத்தகம் நீட்டுவது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மெல்பேர்ண் நகரத்தில் பதினொரு வருடம் நான் ஒரு யானையின் மணியோசையாக இருந்தேன். காலப்போக்கில் மணி தன்னையும் கொஞ்சம் யானையாக நினைக்கத் தொடங்கியது. மிச்சக் கதை முழுவதும் அந்த நினைப்பினால் வந்ததுதான்.

அந்த நீதிபதி கோதுமை விளையும் ஒரு சின்ன ஊரில் தபாற்கந்தோர் நடத்தியவரின் மகள். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு நகரத்துக்கு வந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்திருக்கிறார். தட்டச்சு செய்யச் செய்ய, வாதங்களில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்ததாம், எழுதியவருக்குத் தெரியவில்லையாம். வேலை செய்துகொண்டே பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்து, பகுதி நேரமாகச் சட்டம் படித்து முடிக்க அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. பிறகு டண்டினொங் புறநகரில் ஒரு சின்ன அலுவலகம். தொழிற்சாலையில் கை நசிந்த பெண்களுக்காகவும், சம்பளம் கொடுக்காமல் நிறுத்தப்பட்டவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறார். ஐம்பத்தொரு வயதில் நீதிபதியானபோது, தட்டெழுத்துக்காரி தீர்ப்பு எழுத வந்துவிட்டாள் என்று யாரோ பகிடி விட்டார்களாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. என் தீர்ப்பை நானே தட்டுவேன், அவர்களைவிட வேகமாக" என்றார். அவருடைய அறைக்கு வெளியே என் கதிரை. கதவுக்குப் பின்னால் அந்த விசைப்பலகைச் சத்தம் தகரத்தில் மழை விழுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாடு கடத்தப்படவிருப்பவர்கள், வேலை பறிபோனவர்கள், கடன்பட்டு வங்குரோத்தானவர்கள் என்று அவர் முன்னால் வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் இடத்தில் தோற்றுவிட்டு வருபவர்கள். அகதி வழக்குகளில் நீதிபதியால் விசா கொடுக்க முடியாது. முன்பு எடுத்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பவும் விசாரிக்கும்படி அனுப்பலாம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக அவர் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு தரம் வாசிப்பார். ஒருமுறை இருந்துகொண்டு, ஒருமுறை சன்னலோரம் நின்றுகொண்டு. வழக்குக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, அடுத்த நாள் வரும் பெயர்களைச் சொல்லிக் காட்டச் சொல்வார். எங்கள் ஆட்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும், ஒரு மூச்சில் முடியாது. அவர் அதை அசை பிரித்து ஓர் அட்டையில் எழுதி, வாய்க்குள் சொல்லிப் பழகுவார். "தோற்கப் போகிறவருக்குக்கூடத் தன் பெயர் சரியாகக் கேட்க உரிமை உண்டு" என்பார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. நீதிபதிதான் முதலில் எழுந்து போக வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் நகரலாம். ஊரெல்லாம் உள்ள நடைமுறை அது. ஆனால் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நாட்களில் அவர் எழும்ப மாட்டார். சின்ன விரலை மேசையில் இருந்து கொஞ்சம் உயர்த்துவார். பொறு என்று எனக்குச் சைகை. அந்த மனிதர் கோப்பைப் பொறுக்கி, அழுது முடித்து, கதவைத் தாண்டும்வரை அங்கேயே இருப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். தோற்றவர் கடைசியாகப் பார்ப்பது தன் முதுகாக இருக்கக் கூடாது என்றார்.

பொய்யைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. உண்மை சொல்பவரின் கதையில் அங்கங்கே இடைவெளி இருக்குமாம். பொய் சொல்பவர் சன்னல் திரையின் நிறம்வரை சொல்வாராம். "இது விதியல்ல, வெறும் சந்தேகம். விதியாக்கினால் நான் மோசமான நீதிபதி" என்று உடனே சேர்த்துக்கொள்வார். இதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான். தலையாட்டியதோடு சரி.

இனி என் பவிசைச் சொல்ல வேண்டும். டண்டினொங் பக்கத்துக் கோயிலில் என்னை எல்லோருக்கும் 'கோட்ஸ் அங்கிள்', நீதிமன்றத்து அங்கிள், என்றுதான் தெரியும். நான் அங்கே கதவு திறப்பவன் என்று யாரிடமும் சொன்னதில்லை. 'என்னுடைய நீதிபதி' என்பேன். 'நேற்று நாங்கள் ஒரு தீர்ப்புக் கொடுத்தோம்' என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தங்கள் பிள்ளைகளின் வழக்கைப் பற்றிச் சொல்ல வருபவர்களை, "அதெல்லாம் கதைக்கக் கூடாது" என்று நிறுத்துவேன். ஆனால் அதைச் சொல்லும் விதத்தில், விரும்பினால் என்னால் கதைக்க முடியும் என்று ஒரு தொனி இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே என்று வாழ்ந்து பழகிய சனம் நாங்கள். அவர்கள் என்னைப் பூசாரி என்று நினைத்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்னதான வரிசையில் அடிக்கடி சந்திக்கும் ஓர் அன்ரி இருந்தார். பத்து வருடப் பழக்கம். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கம் அப்படி. எல்லோரும் அன்ரி, எல்லோரும் அங்கிள்; பெயர் கேட்டால் மரியாதைக் குறைவு. அவர் எனக்கு எட்டு, ஒன்பது வயது மூத்தவர், எனக்கு அவர் அன்ரி, அவருக்கு நான் தம்பி. அவருடைய பயத்தம் பணியாரத்துக்கு அந்தக் கோயிலில் ஈடு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இந்த நீலப் பேணியோடு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்.

"தம்பி, இதை உங்கடை ஜட்ஜம்மாவிட்டைக் குடுங்கோ. நான் என்ரை கையாலை சுட்டது."

"அவவுக்கு ஏன் அன்ரி?"

"எங்கடை பிள்ளையின்ரை அலுவல் ஒண்டு உங்கடை கோட்டிலை வருகுதாம். அதுதான்..."

நான் கையை உயர்த்தினேன். "அன்ரி, வழக்கைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லக் கூடாது, நான் ஒண்டும் கேட்கவும் கூடாது" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி, நல்ல கம்பீரமாகச் சொன்னேன். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். அத்தோடு பேணியையும் திருப்பிக் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. நான் வாங்கிக்கொண்டேன். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். கொண்டு வந்ததைத் தட்டினால் மனம் நோகும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, நீதிபதிக்கு என் கையால் ஒன்றைக் கொடுக்கக் கிடைத்த சந்தோஷம். வழக்கு எந்த நீதிபதியிடம் வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் வாங்க முடியாது.

திங்கட்கிழமை காலை பேணியை நீதிபதியின் மேசையில் வைத்தேன். இது என்ன, யார் தந்தது என்று கேட்டார். என் மனைவி செய்தது என்றேன். அத்தோடு நிறுத்தினேனா? பயறை வறுத்து, திரித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து, மாவில் தோய்த்துச் சனிக்கிழமை பின்னேரம் முழுக்கச் சுட்டாள், எண்ணெய் தெறித்துக் கையில்கூடச் சுட்டுவிட்டது என்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தேநீரோடு ஒன்றைச் சாப்பிட்டார். அடுத்த நாள் இன்னொன்று. மிக நன்றாக இருக்கிறது, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

புதன்கிழமை வழக்கம்போல அடுத்த நாள் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன். அதில் எங்கள் ஆள் ஒருவரின் பெயர், ஆறு அசை. நீதிபதி மூன்று முறை சொல்லிப் பார்த்து, நாலாம் முறை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் போலச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அந்தக் கோப்பு சன்னலோரம் திறந்து கிடந்தது. அதையும் அவர் இரண்டாம் தரம் வாசித்து முடித்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நீதிமன்றக் கூடத்துக்கு வெளியே இருந்த நீண்ட மர வாங்கில் அன்ரி இருந்தார். கோயிலுக்கு வரும் அதே மயில்நீலச் சேலை, மேலே குளிர் கோட். பக்கத்தில் ஒரு மெலிந்த பெடியன், முப்பது வயது இருக்கும், கடன் வாங்கியது போன்ற கோட்டில். என்னைக் கண்டதும் அன்ரியின் முகம் மலர்ந்தது.

"தம்பி, குடுத்தனீங்களோ? ஜட்ஜம்மா சாப்பிட்டவவோ?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கொஞ்சம் தள்ளி நின்று தன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும், எங்கள் மூன்று பேரைத் தவிர, எதுவும் விளங்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இதை நான் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் பேசாமல் இருந்திருந்தால் வழக்கு அன்று நடந்திருக்கும். பெயரை அசை பிரித்துப் பழகிய அந்த நீதிபதியே அதை விசாரித்திருப்பார். ஆனால் அன்ரி அந்தக் கேள்வியை மறுபடியும், கூடத்துக்குள்ளேயே, மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் கேட்டுவிட்டால்? என் வேலை? நியாயத்துக்காக உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயத்தில்தான் போனேன்.

நீதிபதி அங்கி போட்டுக்கொண்டு, அட்டையைக் கையில் வைத்துப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். பணியாரம் மனைவி செய்ததல்ல, கோயிலில் ஓர் அம்மா தந்தது, இன்றைக்கு வந்திருப்பவருடைய தாய். "வழக்கு இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கார் நிறுத்துமிடத்தில் அன்ரி சொல்லத் தொடங்கியதையும், நான் கையை உயர்த்தியதையும் சொல்லவில்லை. இந்த முறை விவரம் எதுவும் சேர்க்கவில்லை, தெரியாது என்ற ஒரே சொல்தான். அவர் அட்டையை மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று நின்றேன். "எவ்வளவு நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னார், மிகவும் களைத்த குரலில்.

பிறகு நான் கதவைத் திறந்து குரல் கொடுத்தேன். எல்லோரும் எழுந்தார்கள். நீதிபதி அந்தப் பெயரை முழுதாக, ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். வழக்காளியின் குடும்பத்தவர் ஒருவர் கொடுத்த உணவு தன் அறைக்கு வந்ததையும், தெரியாமல் தான் அதில் இரண்டைச் சாப்பிட்டதையும், தன் பணியாளருக்கு வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது என்பதையும் சொன்னார். அறையில் நடப்பதற்குத் தானே பொறுப்பு என்றும், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதால் இந்த வழக்கிலிருந்து விலகுகிறேன் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். 'பணியாளருக்கு எதுவும் தெரியாது' என்ற வரி வந்தபோது அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அரச இலச்சினையைப் பார்த்தேன். கங்காருவையும் ஈமுவையும் அவ்வளவு கவனமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

முடிந்தது. நான் குரல் கொடுக்க வாயெடுத்தபோது நீதிபதியின் சின்ன விரல் உயர்ந்தது. அன்ரியும் மகனும் எழும்பவில்லை. முடிந்துவிட்டது என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் குனிந்து மறுபடி சொன்னார். மகன் அம்மாவைப் பார்த்தான். அன்ரி தன் இரண்டு கைகளையும் விரித்து, அவை யாருடைய கைகள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன்தான் அவரைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். கதவு மூடும்வரை நீதிபதி அசையவில்லை.

அன்று பின்னேரம் மிச்சம் இருந்த பணியாரங்களை நிலக்கீழ்த் தளத்துக் குப்பைத் தொட்டியில் நான்தான் கொட்டினேன். நீதிபதி பேணியைத் தன் கையாலேயே கழுவித் துடைத்து, கடதாசி ஒட்டித் தந்தார். வெட்கத்தில் ஏதாவது பேச வேண்டும் என்று, எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம் என்று உளறினேன். அவர் பேணியைப் பார்த்தார். "நான் எதுவும் போட முடியாது. நீங்கள் போடலாம்" என்றார். நிர்வாகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், பணியாளருக்குச் சரியாக அறிவுறுத்தாதது தன் தவறு என்று இருந்தது. அடுத்த நாள் காலை வழக்கம்போலக் கூப்பிட்டுப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் கழித்து வேறொரு நீதிபதி அந்த வழக்கைக் கேட்டார். அவரிலும் குறை சொல்ல முடியாது. பொறுமையாகக் கேட்டார், சட்டப் பிழை எதுவும் இல்லை என்று தள்ளுபடி செய்தார். முடிவைக் கணினித் திரையில் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அந்தப் பெடியன் காத்திருந்து களைத்து, திரும்பிப் போகிறேன் என்று தானே கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். அன்ரி மகளோடு ட்ருகனினாவில் புது வீட்டுக்குப் போய்விட்டார் என்று வேறு யாரோ சொன்னார்கள். நகரத்தின் மற்ற அந்தம். அப்பாடா என்று இருந்தது. பேணியைத் திருப்பிக் கொடுக்கப் போகலாம்தான். வெறுமையாகக் கொடுக்க முடியாது. எதைப் போட்டுக் கொடுப்பது? ஒரு கிலோ சீனியைப் போட்டு, இந்தாருங்கள் அன்ரி, உங்கள் பேணி என்று நீட்டுவதா? அப்படியே ஒன்பது வருடம் போனது.

நீதிபதி எழுபது வயதில் ஓய்வு பெற்றார். மத்திய நீதிபதிகளுக்கு அதற்குமேல் இருக்க அனுமதி இல்லை. நானும் பிறகு ஓய்வு பெற்றேன். இந்த வருடம் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். என்ன கொண்டுபோவது என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். தனியாக, சின்ன வீட்டில், நடைச்சட்டம் பிடித்து நடந்துகொண்டு இருந்தார். பழைய கதைகள் பேசினோம். தேநீர் ஊற்றும்போது, சாதாரணமாக, "அந்தப் பேணியைத் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

கொடுத்துவிட்டேன் என்றேன். வெறுமையாகவா என்றார். இல்லை, சீனி போட்டுக் கொடுத்தேன், ஒரு கிலோ, வெள்ளைச் சீனி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை நாள், நானும் மனைவியும்தான் போனோம், அந்த அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தார் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அவர் கோப்பையை வைத்தார். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அங்கே ஒரு தேசிமரம், எலுமிச்சைதான், காய்த்துக் குலுங்கியது. பையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி மறு கையால் ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டார். "இப்போது எனக்கு அனுமதி உண்டு" என்றார். "கொண்டுபோங்கள். ஒருவேளை தேவைப்பட்டால்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் தேசிக்காய் மணந்தது. அன்றே தெரிந்தவர்களிடம் கேட்டு முகவரி எடுத்தேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் ட்ருகனினாவுக்குப் போனேன், பேணி நிறையத் தேசிக்காயோடு. எல்லாம் ஒரே மாதிரியான வீடுகள், இன்னும் மரம் வளராத தெரு. கதவைத் திறந்தது அன்ரிதான். நன்றாக வயது போயிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு பேணியைப் பார்த்தார்.

"வாங்கோ தம்பி. உள்ளுக்கு வந்து இருங்கோ."

கதிரையில் இருந்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆர் வீட்டுத் தேசிக்காய்?" என்று கேட்டார். ஜட்ஜம்மா வீட்டது என்றேன். ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்ரி, பிழை முழுக்க என்னிலைதான். நீங்கள் வழக்கெண்டு சொன்னனீங்கள். நான்தான் கேளாத மாதிரி நடிச்சனான். அவவிட்டையும் தெரியாதெண்டு பொய் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்தானே" என்றார் அன்ரி. "கோட்டிலை அந்த மொழிபெயர்க்கிற பிள்ளை தமிழிலை சொல்லேக்கை நான் உங்களைத் திரும்பிப் பாத்தனான். அண்டைக்கு நான் வாய் திறந்திருந்தா உங்கடை வேலை போயிருக்கும். நீங்களும் பிள்ளை குட்டிக்காரன் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

நக்குண்டார் நாவிழந்தார் என்பார்கள். பணியாரம் தின்றவர் தன் நாவை இழக்கவில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னார். நாவை இழந்தவன் அதைச் சுமந்து போனவன்.

"ஆனா ஒண்டு தம்பி" என்றார். குரல் முதல் தடவையாக உடைந்தது. "இவ்வளவு காலமும் ஒருக்கால் வந்து சொல்லியிருக்கலாம். அவன் ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் நான் அவனிட்டை மன்னிப்புக் கேட்டனான். என்ரை கையாலை சுட்டுத்தானே என்ரை பிள்ளையைத் தூர அனுப்பினனான் எண்டு. அண்டைக்குப் பிறகு நான் பணியாரம் சுடேல்லை."

அவர் ரெலிபோனை எடுத்து அழுத்தி, ஒலிக்கத் தொடங்கியதும் என் கையில் தந்தார். "நீங்களே சொல்லுங்கோ அவனுக்கு."

ஊரில் அப்போது காலை நேரம். ஏதோ கடைத் தெருச் சத்தம் கேட்டது. எத்தனையோ வருடம் கூடம் நிறைய ஆட்களை ஒரு சொல்லில் எழுப்பிய குரல் எனக்கு. இப்போது கேட்க ஓர் ஆள்தான். சொன்னேன். அம்மா பிழை செய்யவில்லை, கோட்டில் வேலை செய்த நான்தான் செய்தேன் என்று, விவரம் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். பிறகு நான் ஒன்பது வருடம் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"அங்கிள், அந்த ஜட்ஜம்மா இருந்திருந்தா நான் வெண்டிருப்பனோ?"

இல்லை, அவவும் தள்ளியிருப்பா என்று சொன்னால் அவன் மனம் ஆறும், என் மனமும் ஆறும். சொல்ல வாய்வரை வந்தது. "தெரியாது தம்பி" என்றேன். "உம்மடை வழக்குப் பைலை அவ ரெண்டு தரம் வாசிச்சவ. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"ஓம்" என்றான். "என்ரை பேரை முழுசா, சரியாச் சொன்னவ. அது ஞாபகம் இருக்கு." பிறகு, "அம்மாவிட்டைக் குடுங்கோ" என்றான்.

நான் புறப்படும்போது அன்ரி மூடியிலிருந்த மஞ்சள் கடதாசியைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். நகத்தால் மெல்லக் கிளப்பி, கிழியாமல் எடுத்து என்னிடம் தந்தார். இனி அது தனக்குத் தேவையில்லை என்றார். அதை மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அலுமாரியின் மேல்தட்டில் இப்போது இடியப்ப உரலுக்குப் பக்கத்தில் வெறும் இடம். அங்கே எதையாவது வைக்கலாமே என்கிறாள் மனைவி. வேண்டாம் என்றேன். நான் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தது பேணியைத்தான். பிள்ளை இன்னும் ஊரில்தான் இருக்கிறான்.